நாலு சக்கர வண்டி மட்டும் வேண்டாம்க்கா

அய்யோ, சிரிக்காதீங்கக்கா, நெசமாத்தான் சொல்றேன். டிசம்பர்தான், வெயில்காலந்தான், விண்ட்ஹூக்ல தார் உருகி செருப்புல ஒட்டும், எல்லாம் சரி. ஆனா ஸ்வாகோப்முண்டுக்குப் போகணும்னா ஜாக்கெட் வேணும். எழுதிக்கோங்க. ஆளுக்கு ஒண்ணு. காலைல பதினொரு மணி வரைக்கும் பனிமூட்டம் விலகாது, எதுத்த வீட்டுக் கதவு என்ன கலருன்னு தெரியாது. கடல்ல கால வெச்சா எலும்பு வலிக்கும். உங்க ஊரு ருண்டுல ஆத்துல முதலைக்குப் பயந்து எறங்க மாட்டீங்க. இங்க முதலை இல்ல. இந்தத் தண்ணிய முதலையே தாங்காது.

கால்ல இடிக்குதா? மன்னிச்சுக்கோங்க. இருங்க, இப்படிச் சாச்சு வெச்சுக்கறேன். மண்வெட்டிதான். ஆமா, புதுசு. நேத்து சாயங்காலம் வாங்கினேன். டிரைவர் கூட கேட்டாரு, என்னம்மா, கடல தோண்டப் போறியான்னு. அது வேற கதைக்கா, அத்தை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. மொதல்ல உங்க பட்டியல முடிப்போம்.

வீடு. வீடு இப்பவே சொல்லி வைக்கணும். மார்ச்தானேன்னு நெனைக்காதீங்க, ஈஸ்டர் முடிஞ்சா ஒண்ணும் கெடைக்காது. மொத்த விண்ட்ஹூக்கும் டிசம்பர்ல மூட்டை கட்டிக்கிட்டு அங்கதான் வந்து எறங்கும். எங்க பக்கத்து மேசைக்காரர ஆபீஸ்ல வருஷம் பூரா பாக்கறது போதாதுன்னு, அங்கயும் கடக்கரையில அரைக்கால்சட்டையோட பாக்கணும். கடல் பாத்த வீடுன்னு விளம்பரத்துல போட்டிருந்தா நம்பாதீங்க. நாங்க எடுத்த வீட்டுல, குளியலறை தொட்டி மேல ஏறி நின்னு, கழுத்த இப்படித் திருப்பினா, ரெண்டு கூரைக்கு நடுவுல நீலமா ஒரு கோடு தெரியும். அதான் கடல். நீங்க இன்னிக்கே நேர்ல போய் பாக்கறீங்க பாருங்க, அதான் சரி. தண்ணி சுடுதான்னு கொழாயத் தெறந்து பாருங்க. அத விட்டுராதீங்க.

நானா? போன டிசம்பர்லதான் மொத தடவ. ஆபீஸ்ல நாலு பொண்ணுங்க சேர்ந்து போனோம். இன்சூரன்ஸ் ஆபீஸ்க்கா, நான் கடிதம் எழுதற பிரிவு. மனுஷங்ககிட்ட பேசற வேலை இல்ல, அதனாலதான் எனக்குப் புடிச்சுது. சத்தியமா, நான் இவ்ளோ பேசற ஆளே இல்ல. ஓக்கஹான்ட்ஜா தாண்டறவரைக்கும் நான் இந்தக் காகிதத்தையே பாத்துட்டு இருந்தேன்ல, நீங்க கூட பரீட்சையான்னு கேட்டீங்க. பரீட்சை மாதிரிதான். நாளைக்குக் காலைல எரநூறு பேர் முன்னால நான் பேசணும். கைல ஒரு வரி கூட இல்ல. அதுக்குத்தான் நீங்க டிசம்பர் பத்திக் கேட்டதும் ஒடனே ஒட்டிக்கிட்டேன். எதையாவது பேசிட்டு இருந்தா அது ஞாபகம் வராது.

அடுத்தது என்ன, டால்ஃபினா? டால்ஃபின் பாக்கணும்னா வால்விஸ் பே போகணும், அரை மணி நேரம், அங்கேந்து படகு. கண்டிப்பாப் போங்க. கடல்நாய் ஒண்ணு தானா தாவி படகுல ஏறும், சொந்த வீட்டுக்குள்ள வர்ற மாதிரி வந்து மடில தலைய வெக்கும். நாத்தம் மட்டும் ரெண்டு நாளைக்குத் துணிய விட்டுப் போகாது. சின்னவனுக்கு வாந்தி வருமா? அப்ப காலைல பொரிச்ச மாவுருண்டை குடுக்காதீங்க. காஞ்ச ரொட்டி போதும்.

ஒட்டகம். ஆங், ஒட்டகம் நல்லது. மெதுவாப் போகும், ஒருத்தர் கயிறு புடிச்சுக் கூட வருவாரு. ஒட்டகத்துக்கு ரெண்டு டிக் போடுங்க.

நாலு சக்கர வண்டியா.

வேண்டாம்க்கா.

இல்ல... பைக் மாதிரி ஏறி ஒக்காந்து மணல் மேட்டுல ஓட்டறதுதான், தெரியும். எல்லாரும் ஓட்டறாங்க. ஆபத்துதான், கவுந்துரும். ஹெல்மெட் குடுக்கறாங்க, ஆமா. உங்க மகளுக்கு வயசு என்ன, பதினாலா? பேரு நமுத்தேன்யாவா, நல்ல பேரு. கைதேர்ந்தவளா இருக்கட்டும்க்கா, வேண்டாம். மணலு கண்ணுல போகும். அப்புறம்... வெலையும் அதிகம். ஒட்டகத்துல ரெண்டு தடவ ஏத்திருங்க. ஏன் இப்படி முகத்தப் பாக்கறீங்க. எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு எங்க ஆபீஸ் தாங்கேனி சொல்வா. காது செவந்துருமாம். செவந்திருக்கா?

சரி. சொல்றேன். வண்டி கரிபிப்ல நிக்கட்டும்னு பாத்தேன், நிக்காம தாண்டிட்டாரு.

நீங்க ருண்டுக்காரங்க, உங்களுக்குத் தெரியாம இருக்கலாம். நான் ஹெரேரோ. எங்க ஆளுங்க மாடு மேச்சவங்க, கடலே பாக்காதவங்க. நூத்திருபது வருஷம் முன்னால ஜெர்மன்காரன் சண்டை போட்டு எங்க ஜனங்கள நாடு பூராவும் தேடிப் புடிச்சான். புடிச்சவங்கள்ல நெறைய பேர அந்த ஊருக்குத்தான் கொண்டு போனான். முள்கம்பிக்குள்ள. கப்பல்ல வந்த சாமானத் தூக்கணும், ரயில் பாதை போடணும், பொம்பளைங்க மாட்டுக்குப் பதிலா வண்டி இழுக்கணும். மேல போத்திக்க சாக்கு. நான் ஜாக்கெட்டுன்னு சொன்னேன்ல, அந்தக் குளிருதான். அதே பனிமூட்டம். கொத்துக் கொத்தா செத்தாங்க. ஊர் ஓரத்துல, ஜெர்மன்காரங்க கல்லறைக்குப் பின்னாடி, பாலைவனம் ஆரம்பிக்கற எடத்துல பொதச்சாங்க. ஜெர்மன்காரங்க கல்லறைல பளிங்கு, பூ, பேரு, பொறந்த தேதி. எங்களுக்கு மணல் குவியல். அவ்ளோதான். பேர் இல்ல. வருஷா வருஷம் காத்து வந்து தட்டையாக்கும். வருஷா வருஷம் எங்க ஆளுங்க மார்ச் கடைசில போய், ஒவ்வொரு குவியலையும் கையாலயும் மண்வெட்டியாலயும் திரும்பக் கூட்டி மேடாக்குவாங்க. அதுக்குத்தான் இது. எங்க அத்தை ரெண்டு நாள் முன்னாடியே ஒக்காக்கராராவுலேந்து லாரில வந்துட்டாங்க, முப்பது பொம்பளைங்களோட. இந்த வருஷம் வேலை அதிகம்னு இன்னொரு மண்வெட்டி கேட்டாங்க.

ஏன் அதிகம்னா... வரேன்க்கா. வரேன்.

எவால்டினே அத்தை. எங்கப்பாவுக்கு மூத்தவங்க. ஆறு அடி உயரம், அந்தப் பெரிய பாவாடையும் கொம்புத் தலைப்பாகையும் போட்டு நடந்தா, கப்பல் கரைக்கு வர்ற மாதிரி இருக்கும். எங்கப்பாவே அவங்க முன்னால ஒக்கார மாட்டாரு. போன நவம்பர்ல நாங்க லீவுக்குப் போறோம்னு கேள்விப்பட்டு போன் பண்ணினாங்க. எம்பேரு உச்சிவா, ஆனா அத்தை மட்டும் என் தம்பி மகளேன்னுதான் கூப்பிடுவாங்க. தம்பி மகளே, நீ அந்த ஊருக்குப் போற. சாப்புடு, சிரி, மீன் வாங்கித் தின்னு. ஆனா ஒரு காலைப் பொழுது, ரெண்டு மணி நேரம், அவங்ககிட்டப் போ. முட்டி போடு. ஒரு கல்லு வை. நீ யாரு, உங்கப்பன் யாரு, உங்கம்மா எந்தக் கொடி, எல்லாத்தையும் வாய் விட்டுச் சொல்லு. யாருன்னு சொல்லாம அவங்கள தாண்டிப் போகக் கூடாது. அவங்களுக்குப் பேரு யாரும் வெக்கல, நாமளாவது நம்ம பேரச் சொல்லணும்ல. அப்படின்னாங்க.

நான் சரி அத்தைன்னேன்.

எங்க லீவுக்கு நான்தான் பட்டியல் போட்டவ. அதுல நான் கெட்டிக்காரி. கட்டம் கட்டமா, மணி வாரியா, கலர் போட்டு. சனிக்கிழமை ஒம்பதுலேந்து பதினொண்ணு கட்டத்த காலியா விட்டுட்டு ஆபீஸ்ல சுத்துக்கு விட்டேன். தாங்கேனி வந்து என் நாற்காலிய ஒரு சுத்து சுத்திட்டுக் கேக்கறா, ஏய், இந்த ஓட்டை என்னடி, உன் ஆள் யாராவது ஒளிஞ்சிருக்கானா? எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப நான் சொல்லியிருக்கணும். எங்க ஆளுங்க பொதைஞ்ச எடம் அங்க இருக்கு, நான் போகணும்னு. ஒரே ஒரு வாக்கியம். அவங்க நல்ல பொண்ணுங்கதான்க்கா, நானும் வரேன்னு கூட சொல்லியிருப்பாங்க. ஆனா எனக்கு நாக்கு எழல. லீவுக்குப் போற எடத்துல எழவுக் கதையான்னு நெனப்பாங்களோ, மூஞ்சிய எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியாம முழிப்பாங்களோ, அப்புறம் லீவு பூராவும் என்கிட்ட மெதுவாப் பேசுவாங்களோன்னு. அந்த மெதுவான பேச்சு இருக்கு பாருங்க, அது எனக்கு ஆகாது. சும்மா விட்டுப் போச்சுன்னு சொல்லிட்டு, அந்தக் கட்டத்துல வேற ஒண்ண எழுதினேன்.

போகலக்கா. கல்லும் வெக்கல.

இன்னும் கேளுங்க. ஊருக்குத் திரும்பின அன்னிக்கு அத்தை போன். போனியான்னு கேட்டாங்க. போனேன்னு சொன்னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல, பல்லு தேச்சியான்னு கேட்டா தேச்சேங்கற மாதிரி வந்துருச்சு. முட்டி போட்டியா? போட்டேன். பேரு சொன்னியா? சொன்னேன் அத்தை. அந்தப் பக்கம் அழுதுட்டு இருந்தாங்க. எங்க எவால்டினே அத்தை, அவங்க புருஷன் சாவுக்கே மத்தவங்களுக்கு டீ போட்டவங்க. படிச்ச புள்ளைங்க மறந்துருச்சுன்னு நான் நெனச்சேனே, தம்பி மகளே, உன்ன நான் தப்பா நெனச்சுட்டேனேன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. எங்கிட்ட.

அப்பவாவது சொல்லியிருக்கணும்.

இல்லக்கா, நீங்க நல்லவங்க, சின்னப் பொய்னு சொல்றீங்க. அதோட நின்னிருந்தா நானும் அப்படித்தான் சொல்லிக்குவேன். பிப்ரவரில ஒரு வீடியோ சுத்துச்சு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க, எங்க ஆளுங்க நடுவுலதான் சுத்துச்சு. இருபது செகண்டு கூட இருக்காது. பின்னாடி வர்ற வண்டிலேந்து யாரோ எடுத்தது. முன்னாடி ஒரு நாலு சக்கர வண்டி, சின்னச் சின்ன மணல் மேடு மேல ஏறி எறங்கி, ஏறி எறங்கிப் போகுது. ஓட்டறது ஒரு பொண்ணு, ஹெல்மெட், மூஞ்சில மணலுக்காகத் துணி சுத்தியிருக்கு. தூரத்துல கல்லறை மதில் தெரியுது. தெரிஞ்சவங்களுக்கு ஒடனே தெரிஞ்சுரும், அது என்ன மேடுன்னு.

அத்தைக்கு அவங்க சர்ச் பொம்பளைங்க யாரோ அனுப்பிட்டாங்க. அத்தை எனக்கு அனுப்பினாங்க. கீழ எல்லாரும் திட்டியிருந்தாங்க. இந்தக் கை வெளங்காதுன்னு ஒருத்தர். எங்க அத்தை திட்டல. அவங்க சொன்னது என்னன்னா, பாவம், யாரோ வெளியூர்ப் புள்ள, கடல் பாக்க வந்தது, அதுக்கு யாரும் சொல்லித் தரல. நம்ம வயித்துல பொறந்தது இப்படிச் செய்யுமா? நீ போய் முட்டி போட்டவ, உனக்கு இங்கிலீஷ் வரும், மார்ச்ல அங்க நீ எந்திரிச்சுப் பேசு. வண்டி ஓட்டறவங்களுக்குப் புரியற மாதிரி, கோவம் இல்லாம பேசுன்னு எம்பேர எழுதிக் குடுத்துட்டாங்க. அதான் இந்தக் காகிதம். அன்பான பயணிகளேன்னு எழுதியிருக்கேன், பாருங்க. அதுக்குக் கீழ வெறும் கோடு.

உசாகோஸ்ல நீங்க காய் வாங்க எறங்கினப்ப, நானும் எறங்கித் திரும்பிப் போற வண்டி இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. ஒரு சீட்டு காலி. ஏற முடியல. மண்வெட்டி இங்க உங்க காலடில கெடந்துச்சு.

பாருங்க, பனி வந்துருச்சு. அரண்டிஸ் தாண்டினா இப்படித்தான், ஜன்னல்ல கை வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருக்குல்ல? டிரைவரு விளக்கப் போட்டுட்டாரு. இன்னும் இருபது நிமிஷம். நீங்க பாக்கப் போற வீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணிருங்க, சாவியோட வந்து நிக்கச் சொல்லி.

உங்க மககிட்ட என்ன சொல்றதா? இதையே சொல்லுங்க. அங்க எது வெறும் மணலு, எது ஆளுன்னு பாத்தாத் தெரியாதுன்னு சொல்லுங்க. எனக்கே தெரியலயே. கல்லறைன்னா கல்லு இருக்கும்னு நெனச்சிருந்தேன். சின்ன வயசுலேந்து கேட்ட கதைதான், ஆனா என் மனசுல வரிசையா கல்லு நட்டு, வேலி போட்டு, எழுத்து வெட்டி இருந்துச்சு. எங்கள வண்டில கூட்டிட்டுப் போனவரு நல்லவருக்கா, ஒரே வரிசைல வாங்க, என் தடத்துலயே வாங்கன்னு மூணு தடவ சொன்னாரு. திரும்பி வர்றப்ப, ஊர் ஓரத்துல, காஞ்ச ஆத்தத் தாண்டினதும் மேடு மேடா அழகா இருந்துச்சு. எல்லாம் ஒரே அளவு. மடியில புள்ளையத் தூக்கிப் போட்டு ஆட்டற மாதிரி வண்டி ஆட்டும். வரிசைய விட்டுத் திரும்பினது தாங்கேனி இல்ல. அவ பின்னாடிதான் வந்தா, செல்போனக் கைல வெச்சுக்கிட்டு, ஏய் கூச்சக்காரி, இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு கத்திக்கிட்டு.

பாக்கறீங்களா? இந்தாங்க. சத்தத்த மட்டும் கொறச்சுக்கோங்க. அந்தச் சிரிப்ப என்னால கேக்க முடியல. அவ்ளோ சந்தோஷமா நான் சிரிச்சு, நானே கேட்டதில்ல.

எத்தன மேடுன்னு எண்ணினேன். ஒம்பது.

தாங்கேனிக்கு இன்னும் தெரியாது. அவ வீடியோ போட்டத அவளே மறந்துட்டா. அத்தைக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன், உங்க பேரு கூட நான் கேக்கல.

அதோ. பெட்ரோல் பங்க் ஓரத்துல, செவப்புப் பாவாடை. பனியில கூட தெரியறாங்க பாருங்க. நான் இப்ப வர்றது தெரிஞ்சு ஒரு மணி நேரமா நின்னிருப்பாங்க. அக்கா, ஒரு ஒதவி பண்றீங்களா? உங்க பைய அப்புறம் எடுத்துக்கலாம், என்ன மொதல்ல எறங்க விடுங்க. எறங்கின ஒடனே சொல்லிரணும். அவங்க கட்டிப் புடிச்சுட்டாங்கன்னா, அப்புறம் என்னால வாயத் தெறக்க முடியாது.